வண்டிச் சக்கரம் அளவு ஆறு

மலை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பாலாற்று மணலில் குப்புறப் படுத்திருந்தேன். தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணி. துணிக்குள் அடுத்தவர் வியர்வை, ஏதோ மருந்து நெடி. மூக்குக்கு நேரே சிலேட்டு அளவுக்கு ஒரு மங்கல் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் எங்கள் ஊர் மலை வௌவால் மாதிரி தொங்குகிறது. மணல் மேலே, வானம் கீழே. ரஹீம் பாயின் ஜட்காக் குதிரை நான்கு காலும் மேலே இருக்க, ஒன்றுமே நடக்காத மாதிரி கோரைப் புல்லைத் தின்கிறது.

“ஐயோ, மணலு கொட்டப் போவுது!” என்று கத்தினேன்.

“எங்கம்மா கொட்டுது?” என்றார் வெளியே நின்ற போட்டோக்காரர்.

“மேல இருக்குதுங்க! என் தலையிலதான் கொட்டும்!”

“பொட்டிக்குள்ள எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். படத்துல நேராயிடும். துணியைத் தூக்காத, வெளிச்சம் பூந்துடும்.”

நான் தூக்கவில்லை. உற்றுப் பார்த்தேன். பெட்டிக்கு முன்னால் மணலில் ஓர் ஊற்றுக்குழி இருந்தது. அதில் மலையின் நிழல் விழுந்திருந்தது.

“ஏங்க, எல்லாம் தலைகீழ்னா, தண்ணிக்குள்ள இருக்கிற மலை மட்டும் ஏன் நேரா நிக்குது?”

வெளியே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீரில் விழுகிற நிழல் எப்போதும் தலைகீழ். அதைப் பெட்டி இன்னொரு தடவை கவிழ்த்துப் போட்டதில் நேராகிவிட்டதாம். ஆக, நிஜ மலை தொங்குகிறது, பொய் மலை நிற்கிறது.

அன்றைக்கு எனக்குப் பிடித்த குழப்பம் அது. இன்னும் விடவில்லை.

முதலாளியும் ஒரு காதும்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் கல்யாணத்தில் பாதிப் பந்தியில் குழம்பு தீர்ந்துபோன கதையைச் சொன்னேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு பெண் கடிதம் போட்டிருக்கிறாள். ‘ஆயா, உங்க வீட்டுக்காரர் எப்படி இருப்பார்? படம் இருந்தால் போடுங்களேன்.’

இருக்கிறது, கண்ணு. ஒரு காது.

அந்தக் காதும் இதே போட்டோக்காரர் எடுத்ததுதான். வேலூரில் கடை வைத்திருந்தவர். தேவசகாயம் என்று பெயர். மெலிந்த ஆள். ஐப்பசிப் புழுக்கத்திலும் கோட்டுப் போட்டிருப்பார். ஆம்பூருக்கு இந்தப் பக்கம் ஆற்றோரமாக இருந்த தோல் ஷாப்பின் முதலாளி அவரை வரவழைத்திருந்தார். தோல் பதனிடுகிற இடத்தை நாங்கள் தோல் ஷாப்பு என்போம். என் வீட்டுக்காரருக்கு அங்கே சுண்ணாம்புக் குழியில் வேலை.

கப்பலில் தோல் வாங்குகிற சீமைக்காரனுக்குக் காட்ட முதலாளிக்கு ஒரு படம் வேண்டும். ஒரே படம். அதற்குள் எல்லாம் வர வேண்டும். குழிகள், காய்கிற தோல், ஆவாரம்பட்டைக் குவியல், கடுக்காய் மூட்டை, பெயர்ப் பலகை, மோட்டார் வண்டி, வேலை செய்கிற எண்பது பேர். நடுவில் அவர்.

“எல்லாத்தையும் காட்டினா எதுவுமே தெரியாதுங்களே,” என்றார் தேவசகாயம்.

“எல்லாத்துக்கும் நான்தானே சாமி துட்டு போட்டேன்? எல்லாம் வரணும்,” என்றார் முதலாளி.

எல்லாம் வந்தது. எண்பது பேரும் எண்பது கடுகு மாதிரி வந்தார்கள். என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில், முன்னால் நின்றவனின் தலைப்பாகைக்குப் பின்னால் நின்றார். காது மட்டும் வந்தது. ஆனால் நல்ல காது. பெரியது. நான் பேசினதையெல்லாம் நாற்பது வருஷம் கேட்டது அதுதான்.

அந்தப் படம் முடிந்த கையோடு போட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கினார். எங்கள் ஊர் வாடை எங்களுக்குத் தெரியாது. வெளியூர் போய்த் திரும்புகிறபோது, ரயிலில் கண்ணை மூடியிருந்தாலும் அந்த வாடை வந்ததும் மூட்டையைக் கையில் எடுத்துக்கொள்வோம், அவ்வளவுதான். அவருக்குக் குடலைப் புரட்டியிருக்கிறது. மெட்ராஸில் ஏதோ படக் கண்காட்சியாம். அதற்கு மலையும் ஆறுமாக ஒரு படம் தன் ஆசைக்கு எடுக்க வேண்டுமாம்.

நான் அப்போது ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன்.

எங்கள் ஆற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலாற்றில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான் ஓடும். மணலைக் கையால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறும். முறம் அளவுக்குக் குழி பறித்து, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அன்றைக்கு மழை வரவேண்டிய மாதம். வரவில்லை. அதற்கு முந்தைய நான்கு வருஷமும் வரவில்லை.

“இந்தாம்மா, கொஞ்சம் குடத்தோட தூரமா போய் நிக்கிறியா? படத்துல ஒரு ஆள் வேணும்,” என்றார்.

நான் போட்ட கண்டிஷன்

என் அண்ணன் முனுசாமி அப்போது கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தான். நான்கு பொங்கல் ஆகிவிட்டது, ஊர்ப்பக்கம் வரவில்லை.

போனது சண்டையில். மழை ஏமாற்றியதும் அம்மா அவனைக் கேட்காமல் ஏர் மாட்டை விற்றுவிட்டாள். ‘மச்சான்கூட தோல் ஷாப்புக்குப் போடா’ என்றாள். அவன் வாசலில் நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“ஆத்துல தண்ணி வந்தா சொல்லி அனுப்பு, வர்றேன். அதுவரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்.”

“மிதிக்காத, போ. யாரு கூப்புட்டா?” என்றாள் அம்மா.

இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். ஆனால் முதல் பொங்கலுக்கே, ஊருக்கு வந்த ஓர் ஆளிடம் அம்மாவுக்குச் சேலை கொடுத்து அனுப்பினான். வெந்தய நிறம், நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை. கோபம் கோபம்தான், சேலை சேலைதான். அம்மாவும் அதைத் திட்டிக்கொண்டே கட்டினாள். கட்டிக் கட்டி வெந்தயம் வெளுத்து வெள்ளையாகிவிட்டது. கரை மட்டும் போகவில்லை.

படம் எடுத்த அந்த வருஷம் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுக்கலாம் என்று சொன்னார்கள். கத்தி என்றதும் அம்மா படுக்கையைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. மறுநாள் தானே திரும்பிப் போனாள். வெயிலில் வெளியே வந்தால் அவளுக்கு எல்லாம் வெள்ளை. நிழலில் இருந்தால் எல்லாம் கறுப்பு. அவள் வீட்டுக் கூரையில் ஓர் ஓடு விலகியிருந்தது. அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். அங்கே முறத்தை வைத்துக்கொண்டுதான் கேழ்வரகில் கல் பொறுக்குவாள்.

“அவன் மூஞ்சியை ஒரு தபா பாத்துட்டேன்னா போதும்டி. அப்புறம் கண்ணு எக்கேடு கெட்டுப் போவட்டும்,” என்று முறத்தைப் பார்த்துச் சொன்னாள். நேராக என்னிடம் சொன்னால் அவள் கௌரவம் குறைந்துவிடும்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை போனவள். கோழி கிளறின மாதிரி எழுதுவேன். ‘அம்மாவுக்குக் கண் போகிறது, வா’ என்று மூன்று கடிதம் போட்டேன். பதிலே இல்லை.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தால் வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி. முதலில் பார்க்கிறவர் கூவ வேண்டும். ஊரே மஞ்சள், குங்குமம், கற்பூரம், தேங்காயோடு ஓடிப்போய் எதிரே நின்று வரவேற்கும். நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது ஒரு மத்தியானம் சும்மா இருக்க முடியாமல் கரையில் ஏறி நின்று, “தண்ணி வந்துட்ச்சு! தண்ணி வந்துட்ச்சு!” என்று கூவினேன். ஊர் ஓடியது. சாப்பிட்ட கையோடு ஓடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் என் அண்ணன். கரையில் சறுக்கிக் கல்லில் விழுந்து முன்பல் பாதி உடைந்தது. வெறும் மணலில் உட்கார்ந்து, ரத்த வாயோடு என்னைப் பார்த்தான்.

அன்றையிலிருந்து நான் என்ன சொன்னாலும் அவன் பாதிதான் நம்புவான். உடைந்த பல் பாதி, நம்பிக்கை பாதி.

என் எழுத்தை நம்பாதவன் படத்தை நம்பமாட்டானா? என் மூஞ்சியையும் பின்னால் நம் மலையையும் பார்த்தால் மனசு இளகாதா? அதனால் போட்டோக்காரரிடம் சொன்னேன்.

“நிக்கிறேங்க. ஆனா எனக்கு ஒரு படம், கோலார்ல எங்க அண்ணனுக்கு ஒரு படம். என் மூஞ்சி நல்லா தெரியணும். அப்புறம், நிக்கறதுக்கு முன்னாடி அந்தத் துணிக்குள்ள இன்னா இருக்குதுன்னு நான் பாக்கணும்.”

“மூணு கண்டிஷனா?” என்றார்.

“நாலாவது யோசிச்சிக்கினு இருக்கேன்.”

மலையை ஓரத்தில் உட்கார வைத்தது

படம் எடுப்பது என்றால் பெட்டியை வைத்து அமுக்குவது என்று நினைத்திருந்தேன். அந்த மனுஷர் மத்தியானம் தொடங்கி வெயில் சாயும் வரை எங்களைப் படுத்தியெடுத்தார்.

முதலில் என் சேலை பிடிக்கவில்லை. நான் கட்டியிருந்தது அரக்குச் சிவப்பு, கல்யாணத்துக்கு எடுத்தது. “படத்துல சேப்பு கறுப்பாயிடும்மா. மலையும் கறுப்பு, நீயும் கறுப்புன்னா நீ எங்கன்னு தேடணும். வெளுப்பா ஒண்ணு கட்டிக்கினு வா,” என்றார். என்னிடம் வெளுப்பு ஏது? அம்மா வீட்டுக் கொடியில் அந்தக் கறுப்புக் கரைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. கேட்டால் ஆயிரம் கேள்வி வரும். கேட்காமல் கட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது மலை. அதை நடுவில் வைக்கமாட்டேன் என்கிறார்.

“நடுவுல வெச்சா முதலாளி மாதிரி மொறச்சிக்கினு நிக்கும். பாக்கறவன் கண்ணு நேரா அங்க போய் முட்டிக்கினு நின்னுடும். ஓரமா வெச்சா கண்ணு கொஞ்சம் நடந்து போவும்.”

கண் நடந்து போகுமாம். நான் ரஹீம் பாயைப் பார்த்தேன். பாய் வானத்தைப் பார்த்தார்.

கண் நடந்துபோக வழி வேண்டும் என்று அடுத்துச் சொன்னார். பாயைக் கூப்பிட்டு, ஜட்காவை மணலில் வளைத்து ஓட்டச் சொன்னார். சக்கரத் தடம் இந்த மூலையில் தொடங்கி, வளைந்து, நான் நிற்கப்போகிற இடத்தில் முடிய வேண்டும். பாய் ஓட்டினார். தடம் நேராக வந்தது. இன்னும் வளைவு வேண்டும். மறுபடி ஓட்டினார். அதிகமாக வளைந்துவிட்டது. காலால் அழித்துவிட்டு மறுபடி.

“இன்னா சாப், பேஜாரு! ஸ்டேசனுக்குச் சவாரி ஓட்டறவன் நான். மணல்ல கோலம் போடச் சொல்றீங்க,” என்றார் பாய். “குதிரை என்னையே சந்தேகமா பாக்குது.”

பிறகு பெட்டி. அதன் மூன்று காலையும் பரப்பி, மணலில் புதைத்து, ஊற்றுக்குழியின் விளிம்பில் தரையோடு தரையாக வைத்தார். ஊற்று சின்னதாக இருக்கிறதாம். நானும் பாயும் தோண்டி அகலமாக்கினோம். முறம் அளவு இருந்தது வண்டிச் சக்கரம் அளவு ஆனது. கலங்கல் தெளியக் காத்திருந்தோம். தெளிந்ததும் மலை அதற்குள் மெதுவாக வந்து இறங்கியது.

“நின்னுக்கினு பாத்தா இது குழி. படுத்துக்கினு பாரு,” என்றார் அவர்.

அப்போதுதான் நான் துணிக்குள் போனது. ஒரு கல்யாணமான பெண் ஆற்று மணலில் குப்புறக் கிடக்கிறாளே என்று ரஹீம் பாய் மரியாதையாக முதுகைக் காட்டி நின்றார். குதிரைக்குத்தான் மரியாதை தெரியவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு இன்னொன்று உறைத்தது. “ஏங்க, தோல் ஷாப்பு எங்க? இங்கேர்ந்து பாத்தா தெரியுதே, கண்ணாடியில காணோமே?”

“பொட்டியை ரெண்டு வெரக்கடை இப்படித் திருப்பினேன். போயிடுச்சு.”

இரண்டு விரல்! எண்பது பேர், சுண்ணாம்புக் குழி, நாற்றம், முதலாளி, என் வீட்டுக்காரர் எல்லோரும் இரண்டு விரலில் போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். ஷாப்பு அங்கேயேதான் இருந்தது.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழிக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். ‘இன்னும் தள்ளு’ என்று கையைக் காட்டினார். தள்ளினேன். ‘இன்னும்.’ நடந்தேன். ‘இன்னும்.’ அவர் கை தெரியாத தூரத்துக்குப் போய்விட்டேன்.

“திரும்பி மலையைப் பாரு! அசையாத!” என்று கத்தினார்.

மலையைப் பார்த்தால் என் மூஞ்சி எப்படித் தெரியும்? கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அசையாதே என்றுவிட்டாரே. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுண்டுவிரல் பொம்பளை

பத்துப் பதினைந்து நாள் கழித்து ரஹீம் பாய் வேலூரிலிருந்து வரும்போது அட்டையில் ஒட்டிய படத்தைக் கொண்டுவந்தார்.

“உங்க அண்ணனுக்கு நேரா தபால்ல போட்டுட்டாராம்மா,” என்றார்.

நான் படத்தைப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். பாயைப் பார்த்தேன்.

“பாய், இது எந்த ஊரு?”

கரைபுரண்டு ஒரு ஆறு. இந்தக் கரையில் கோரைப்புல். நடுவில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதில் ஒரு மலை கவிழ்ந்து கிடக்கிறது. அந்தக் கரையில், ஓரமாக, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அதே மலை. அதற்குக் கீழே சுண்டுவிரலில் பாதி அளவுக்கு ஒரு பொம்பளை, இடுப்பில் குடத்தோடு, முதுகைக் காட்டிக்கொண்டு தன்னந்தனியாக நிற்கிறாள். பாயின் சக்கரத் தடம் தண்ணீர் ஓரத்திலிருந்து வளைந்து போய் அவள் காலடியில் முடிகிறது.

அவள்தான் நான். என் மூஞ்சி நல்லாத் தெரிய வேண்டும் என்று கண்டிஷன் போட்டவள்.

“எறும்பாக்கிட்டாரே பாய்!”

“மலை எவ்ளோ பெருசுன்னு தெரியறதுக்கு ஆள் சின்னதா இருக்கணுமாம். சாப் சொன்னாரு,” என்றார் பாய். கொஞ்சம் யோசித்துவிட்டு, “என் குதிரையை மட்டும் வெரட்டிட்டாரு,” என்றார். அவருக்கு அந்த வருத்தம்.

அப்புறம்தான் எனக்குப் பகீர் என்றது. இந்தப் படம் அண்ணனுக்குப் போயிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்தால் வருகிறேன் என்றவனுக்கு.

நான் பொய் சொல்லவில்லை. ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. குழி நிஜம், மலை நிஜம், நான் நிஜம். ஆனால் அந்த அட்டையில் இருக்கிற ஆறு எங்கே இருக்கிறது? அது யாருடைய பொய்? போட்டோக்காரருடையதா? மண்ணில் படுத்துக்கிடந்த பெட்டியுடையதா? குழியை வண்டிச் சக்கரமாகத் தோண்டியது நான்தானே?

‘அது ஆறு இல்லை, ஊற்று. நம்பி வந்துவிடாதே’ என்று எழுத உட்கார்ந்தேன். ‘அண்ணா’ என்று எழுதியதும் பென்சில் முனை ஒடிந்துவிட்டது.

வீட்டில் அரிவாள்மனை இருந்தது. சீவியிருக்கலாம். சீவவில்லை.

மணலில் ஒரு தேங்காய்

“தங்கச்சி! சீக்கிரம் வா!” ரஹீம் பாய் ஜட்காவை என் வாசலில் நிறுத்திக் கத்தினார். “உங்க அண்ணனை ஸ்டேசன்லேர்ந்து ஏத்தியாந்தேன். வீட்டுக்குப் போவலை. நேரா ஆத்துக்கு வுடுன்னான். இப்போ நடு ஆத்துல தேங்காயோட நிக்கறான். எனக்கு பயமா இருக்குது.”

ஓடினேன்.

அண்ணன் மணலுக்கு நடுவில் நின்றான். தகரப்பெட்டி ஒரு பக்கம். ஒரு கையில் தட்டு. தட்டில் தேங்காய், மஞ்சள், குங்குமம், கற்பூரம். ஜோலார்பேட்டையில் வண்டி மாறும்போது வாங்கியிருக்கிறான், புதுத் தண்ணீரை வரவேற்க. இன்னொரு கையில் படம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை மணல். அப்பா சாயலே வந்துவிட்டது அவனுக்கு.

“குப்பு,” என்றான். நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. “தண்ணி எங்கடி?”

குழியைக் காட்டினேன். மணல் சரிந்து அது மறுபடி முறம் அளவுக்கு வந்திருந்தது.

குழியைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மறுபடி குழியைப் பார்த்தான்.

“வேலையை வுட்டுட்டு வந்தேன். சுரங்கத்து லைன் வீடுங்கள்ல இருக்கிற அத்தினி பேருக்கும் காமிச்சேன். எங்க ஊர்ல தண்ணி வந்துட்ச்சு, ஏர் ஓட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். திரும்பவும் ஏமாத்திட்டியா?”

“நான் ஏமாத்தலைண்ணா. படுத்துக்கினு பாரு.”

“இன்னாது?”

“படுத்துக்கினு பாருண்ணா. தரையோட தரையா. அப்போ தெரியும்.”

என்னைக் கொன்றுவிடுவான் என்று நினைத்தேன். ஆனால் தட்டை மணலில் வைத்துவிட்டுப் படுத்தான். கன்னத்தைக் குழி விளிம்பில் பதித்தான். வெகுநேரம் அப்படியே கிடந்தான். முதுகு குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. பாயைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை.

எழுந்தபோது கன்னமெல்லாம் மணல்.

“சரி. இவ்ளோ தூரத்துல அம்மாவை எதுக்குடி ஒண்டியா வுட்டே?” என்றான்.

“எந்த அம்மாவை?”

படத்தை நீட்டி நகத்தால் அந்த எறும்பைத் தொட்டான். “நான் எடுத்துக் குடுத்த சேலை. கரை தெரியுது பாரு. இவ்ளோ பெரிய மலை, இவ்ளோ தண்ணி, பக்கத்துல ஒரு ஆள் இல்லை. ஒண்டியா நிக்குது. ரயில்ல வரச்சொல்லோ முழுக்க இதைத்தான் பாத்துக்கினு வந்தேன்.”

“அண்ணா, அது நான்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொன்னாலும் பாதி நம்புகிற பார்வை.

“அது நான்தான். அம்மா சேலையைக் கட்டிக்கினு நின்னேன். அம்மாவால இவ்ளோ தூரம் வர முடியாது. கண்ணு தெரியலை.”

“நீ லெட்டர்ல எழுதினது...”

“நெஜம்.”

“மூணுமா?”

“மூணும்.”

தகரப்பெட்டியை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தான். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பாய் பெட்டியை எடுத்தார்.

தண்ணீருக்காக வந்தானா, அந்தத் தனிப் பொம்பளைக்காக வந்தானா என்று பிற்பாடு பலமுறை கேட்டிருக்கிறேன். அவன் மறுபடி கோலாருக்குப் போகவில்லை. ஷாப்புக்கும் போகவில்லை. மலையிலிருந்து ஆவாரம்பட்டை ஏற்றிவர ஒரு வண்டி பிடித்தான். கேட்கிற ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொல்வான். நானும் பாதிதான் நம்பினேன்.

வாசற்படி

அம்மா வீட்டு வாசலில் அண்ணன் நின்றுவிட்டான். உள்ளே காலை எடுத்து வைக்கவில்லை.

அம்மா உள்ளே, ஓடு விலகின இடத்தில், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்குப் பின்னால் வெளியே பளீரென்று வெயில்.

“யாரு வாசல்ல? கறுப்பா நிக்குது,” என்றாள்.

“அண்ணன்மா,” என்றேன்.

முறத்தில் அவள் கை நின்றது. பிறகு மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தது.

“உள்ள வரச் சொல்லு. அங்க நின்னா மூஞ்சி தெரியலை.”

“நீ வெளிய வாம்மா,” என்றான் அண்ணன்.

“வெளிய வந்தா எனக்கு எல்லாம் வெள்ளையாயிடும். ஒண்ணும் தெரியாது. நீ வா.”

“ஆத்துல தண்ணி வந்தாத்தான் மிதிப்பேன்னு சொல்லிட்டேனேம்மா.”

“சொன்னது நீதானே? நானா சொன்னேன்?”

இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். படிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. நடுவில் ஒரு முழ அகலத்துக்குக் கல். கோலாரிலிருந்து ரயில் மாறி வந்தவன் அந்த ஒரு முழத்தில் நிற்கிறான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை. வரவேண்டும் என்று தவிக்கிறான். ஊர் கேட்க அவன் சொன்ன வாய்ச்சொல் குறுக்கே நிற்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. அவன் கையிலிருந்த படத்தைப் பிடுங்கினேன். அவன் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

“இது எந்த ஆறு?”

“வுடு, குப்பு.”

“சொல்லுண்ணா. இது எந்த ஆறு?”

“நம்ம ஆறு.”

“இந்த மலை?”

“நம்ம மலை.”

“நல்லா பாத்துச் சொல்லு. என் பேச்சை நம்ப வேணாம். படத்தைப் பாத்துச் சொல்லு. நம்ம ஆத்துல தண்ணி இருக்குதா, இல்லையா?”

அவன் படத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பாய் வெளியே குதிரையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். உள்ளே அம்மா கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் திருப்பி வைத்திருந்தாள்.

“இருக்குது,” என்றான்.

“அப்போ மிதி.”

மிதித்தான்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் நிறுத்தினாள். அவன் நெட்டை. வெளிச்சம் மார்பில்தான் விழுந்தது. “குனி,” என்றாள். குனிந்தான். “ஜாஸ்தி குனிஞ்சிட்டே, கொஞ்சம் நிமிரு.” நிமிர்ந்தான். தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கிட்டே வந்தாள், ஒரு அடி பின்னால் போனாள், மறுபடி கிட்டே வந்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

“வாயைத் தொற.”

திறந்தான். பாதிப் பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“இவன்தான்,” என்று என்னிடம் சொன்னாள். பிறகு இரண்டு கையாலும் அவன் மூஞ்சியைப் பிடித்துக்கொண்டாள்.

“அசையாத.”

அவன் அசையவில்லை. நானும் வாசற்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.